லாடம் கழற்றிய டாக்டரம்மா

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரக்கரை நாட்டுப் பெரியவர் குழந்தைசாமி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை ராதிகா அவர்களே, மிளகுக்கொடியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! நான் ஸ்டீபன், கால்நடை ஆய்வாளர். எல்லோருக்கும் வணக்கம்.

நம் கால்நடை மருத்துவர் விமலா அம்மையார் போய் ஒரு வாரமாகிறது. சாயங்காலம் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய கை! ஆம்புலன்ஸில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். அது சில்லிட்டதை நான் எப்படி மறப்பேன்?

பந்தயக் குதிரை ஓடும்வரைதான் ராஜா. கால் நரம்பு பிசகிவிட்டால் அதை யார் வைத்துக்கொள்வார்கள்? அரசு வேலைக்கு வருமுன் பந்தய லாயம் ஒன்றில் இருந்த அம்மாவுக்கு அதன் கதி தெரியும். அதனால்தான் இந்த மலைக்கு மாற்றலாகி வந்தபோது, யாருக்கும் வேண்டாத நாலு குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நம் சனம் சிரித்தது. ‘ஏனுங்க டாக்டரம்மா, இங்க யாரோட ரேஸ் உடப் போறீங்க?’ என்று கேட்டவர்கள் இன்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் குதிரைக்குப் பந்தயத்தில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். நமக்கு அது சில்வர். பின்னால் பஸ் வந்தால் சில்வருக்கு அது பஸ் இல்லை, தன்னை முந்த வரும் இன்னொரு குதிரை. உடனே பிய்த்துக்கொண்டு ஓடும். அம்மா டிரைவர் யுவராஜிடம் சொல்லி, தினமும் பஸ்ஸை அதன் பக்கத்தில் மெதுவாக விட்டு முந்தச் சொன்னார். பஸ் போனதும் அதன் கழுத்தைத் தடவி, “போறவங்க போகட்டும் சாமி, நமக்கு என்ன அவசரம்?” என்பார். அம்மா திருநெல்வேலிக்காரர். ‘சாமி’ என்று கூப்பிட இங்கேதான் கற்றுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஜெயிக்கப் பழகிய குதிரையை வழிவிடப் பழக்கியவர் அவர்.

எதற்காக அந்தப் பாடு? பூங்குழலிக்காக. பிறந்ததிலிருந்து கால் வலுவில்லாத பிள்ளை. அவள் ஊருக்கு ரோடு கிடையாது. தாய் மாதம்மாள் இடுப்பில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிள்ளை வளர்ந்ததும் சுமக்க முடியவில்லை, படிப்பு நின்றது. அவளைச் சில்வர் மேல் உட்கார வைத்து அழைத்துவர டாக்டரம்மா கிளம்பினார்.

ஆனால் அந்த ஊரில், சாமி மண் என்பதால், எல்லைக்கல்லைத் தாண்டி யாரும் செருப்போடு போவதில்லை. குழந்தைசாமி ஐயா குதிரையின் காலைப் பார்த்தார். “இரும்பா இருந்தாலும் செருப்பு செருப்புதானுங்க” என்றார். அதிகாரி கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அம்மா கோபப்படவில்லை. நியாயம்தான் என்று திரும்பி வந்து நாலு லாடத்தையும் கழற்றினார்.

லாடத்துக்குப் பழகிய குளம்பு சட்டென்று கல்லில் நடக்குமா? முதலில் புல்லில், பிறகு மண்ணில், பிறகு கல்லில் என்று மாதக்கணக்கில் நடத்தினார். தானும் செருப்பைப் போடாமல் கூடவே நடந்தார். எதற்கம்மா என்று கேட்டேன்.

“எந்தக் கல்லு குத்துதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாதே ஸ்டீபன். என் காலுல குத்தினா தெரிஞ்சுக்குவேன்ல” என்றார்.

சில்வர் வெறுங்காலோடு எல்லைக்கல்லுக்கு வந்த அன்று, இதே குழந்தைசாமி ஐயா ஒரு சொம்புத் தண்ணீரை அதன் காலில் ஊற்றி, விருந்தாளியை அழைப்பதுபோல் உள்ளே அழைத்தார். அன்றுமுதல் அம்மாதான் தினமும் கயிற்றைப் பிடித்துப் பிள்ளையை அழைத்துவந்தார். பூங்குழலி இப்போது ஏழாம் வகுப்பு. ஆனால் இந்த ஒரு வாரமாக அவள் பள்ளிக்கு வரவில்லை.

அம்மாவின் தம்பி ஊரிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாடி வீட்டில் குடியிருப்பவர் நாலு குதிரைகளை எங்கே கட்டுவார்? கல்யாண ஊர்வலம் நடத்துகிறவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுத்தால் மறுபடி லாடம், வெடிச் சத்தம், தார் ரோடு. இதற்காகவா அம்மா மலையேறி வந்தார்?

குழந்தைசாமி ஐயா சற்று முன் என்னிடம் சொன்னார்: “ஊட்டுக்கு ஒரு நாள் முறை வெச்சுத் தீனி போட்டுக்கறமுங்க. கொட்டாயிக்கு எடம் நான் தாரேன். பிடிச்சு நடத்தத்தான் ஆளில்லீங்க.”

அம்மாவின் தம்பியும் சரி என்றுவிட்டார். ஆள்தான் மிச்சம். இத்தனை ஆண்டுகளில் நான் அந்தக் குதிரைகளின் கயிற்றை ஒருநாளும் தொட்டதில்லை. மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவனுக்குக் குதிரை என்றால் பயம். சில்வர் மூச்சு விட்டாலே நான் ரெண்டடி தள்ளி நிற்பேன். அம்மா அதை என்னிடம் சொல்லிச் சிரிப்பார், வேறு யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை.

அம்மா, இந்தச் சபை நடுவே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மாதம்மாள் அக்கா, நாளைக் காலையில் பிள்ளைக்குத் தலை சீவி, பையை எடுத்துக் கொடுத்துத் தயாராக வையுங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் வருகிறேன். கை நடுங்கும். நடுங்கிக்கொண்டே வருகிறேன்.