சேனை வைக்காத விரல்

அருக்காணி: அட, பலகை மேல ஏறி இந்தப் பக்கம் வாடா. கூடப்பொறந்தவ வந்திருக்கேன், வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டே பேசுறான் பாரு.

குழந்தைசாமி: நீயும் அங்கேயே நில்லுக்கா. பலகை உளுத்துப்போச்சு. நேத்து ஒரு கொக்கு வந்து உக்காந்துச்சு, முறிஞ்சிடுச்சு. கொக்குக்குக் கால்ல மாவுக்கட்டு போட்டிருக்காங்க.

அருக்காணி: ஆரம்பிச்சிட்டியா? உன் பொண்ணு வினோதினி புள்ளை பெத்து வெச்சிருக்கா. நீ இன்னடான்னா உப்பளத்து மோட்டார் கொட்டாயில ஒளிஞ்சு கெடக்குற. அதான் புள்ளையை நானே தூக்கியாந்துட்டேன். இந்தா, சீனித்தண்ணி. விரலால தொட்டு நாக்குல வை.

குழந்தைசாமி: குறைமாசத்துப் புள்ளையை இந்த வெயில்லயா? துணியை நல்லா மூடுக்கா.

அருக்காணி: மூடித்தான் இருக்குது. சேனை வை, போயிடுறேன்.

குழந்தைசாமி: என் விரல் ஆகாது. காலம்பூரா உப்பு வாரி உள்ளே ஊறிப்போச்சு. போன வாரம் மீன் குழம்புல தெரியாம பட்டுடுச்சு... தெருவே குடம் குடமா தண்ணி குடிச்சுது.

அருக்காணி: வேற ஆளைப் பாரு.

குழந்தைசாமி: நீயே வையேன். சேனை வெக்கிறவங்க குணம்தான் புள்ளைக்கு வருமாம். பொய்யன் குணம் எதுக்கு?

அருக்காணி: அந்த வாய்தான் வரணும்னு உன் பொண்ணு ஆசைப்படுறா... ஏன்டா, நெசத்தைச் சொல்லு. அந்தோணிராஜைக் கட்டிக்கிட்டாளே, அந்தக் கோவம்தானே? வேதக்காரன் புள்ளைன்னுதானே தொட மாட்டேங்குற?

குழந்தைசாமி: சே! அந்தப் பையன் தங்கம்.

அருக்காணி: அப்போ இன்னான்னு போய்ச் சொல்றது? உங்கப்பனுக்கு மனசு எறங்கலன்னு சொல்லிடவா?

குழந்தைசாமி: துணி விலகுது பாரு, மூடுக்கா.

அருக்காணி: சரி, சொல்லிடறேன். வர்றேன்.

குழந்தைசாமி: இருக்கா... என் வயித்துல ஒரு கிருமி இருக்குது.

அருக்காணி: எம்மாம் பெருசு? கொக்கு அளவா?

குழந்தைசாமி: கண்ணுக்கே தெரியாது. கால் புண்ணுக்கு டவுன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்ல? வார்டுல எல்லாருக்கும் மோஷன் டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு இருக்குதுன்னு நர்ஸ் பூவிழி சொல்லுச்சு. ஊசிக்கும் மசியாது, மாத்திரைக்கும் மசியாதாம். மருந்து உள்ளே வந்தா வெட்டிப் போட்டுடுமாம்.

அருக்காணி: கத்தி வெச்சிருக்குதா?

குழந்தைசாமி: கத்தி செய்யுற வித்தை வெச்சிருக்குது. அதுக்குள்ள சின்னதா ஒரு வளையமாம், வித்தை அதுலதான் எழுதியிருக்குதாம். இதைக் கேளு... பக்கத்துல இன்னொரு கிருமி வந்தா ஒரு குழாயை நீட்டி, வளையத்தை நகல் எடுத்துக் குடுத்துடுமாம்.

அருக்காணி: அதோட புள்ளைங்களுக்குத்தானே?

குழந்தைசாமி: புள்ளைங்களுக்கும் போவும். ஒட்டு உறவு இல்லாத வேற ஜாதிக் கிருமிக்கும் குடுக்கும்.

அருக்காணி: ஜாதி பாக்காம குடுக்குதா? அப்போ நம்ம தெருவைவிடத் தேவலாம்.

குழந்தைசாமி: சிரிக்காதக்கா. ஆஸ்பத்திரியில எந்நேரமும் மருந்து. வித்தை தெரியாததெல்லாம் செத்துடுது. தெரிஞ்சது, இடம் காலியா இருக்குதுன்னு பெருகிடுது. கக்கூஸ் கதவு, கட்டில் கம்பி, மனுசன் கைன்னு தொத்திக்கிட்டே அடுத்த ஆளு வயித்துக்குப் போவுது. போன இடத்துல இருக்குறதுங்களுக்கும் வளையத்தைக் குடுத்துடுது.

அருக்காணி: நீ கல்லு மாதிரி நிக்கிறியேடா?

குழந்தைசாமி: என்னை ஒண்ணும் பண்ணல. சும்மா குடியிருக்குது. குறைமாசத்துப் புள்ளை வயித்துக்குள்ள போச்சுன்னு வெச்சுக்க... ரத்தத்துல ஏறிக் காய்ச்சல் வந்தா, எந்த மருந்தைக் குடுக்குறது?

அருக்காணி: இதோ கெட்டி உப்புத்தண்ணி ஓடுது. கையை முக்கி எடு. எந்தக் கிருமி தாங்கும்?

குழந்தைசாமி: நானும் அதைத்தான் கேட்டேன். உப்புப் பாத்தியில தண்ணி வத்தி முத்துனா செவக்குதே, அந்தச் செவப்பே உப்புல வாழுற கிருமிதான்னுச்சு பூவிழி. சோப்பு போட்டுக் கழுவணுமாம். கழுவிக்கிட்டுத்தான் இருக்குறேன். ஆனாலும் அந்தப் புள்ளை வாயில விரலை வெக்க மாட்டேன்.

அருக்காணி: நீ விட்ட கதையிலேயே இதான்டா பெருசு. எவன் நம்புவான்?

குழந்தைசாமி: நம்பாட்டிப் போ. வெளியே மட்டும் சொல்லிடாத. உப்பளத்துல தெரிஞ்சா என் டீ டம்ளரைத் தனியா வெச்சிடுவானுங்க. அதான் வாயைத் தொறக்கல.

அருக்காணி: சேனை வேணாம். கிட்ட வந்து மூஞ்சியையாவது பாரேன். உன் மூக்குடா.

குழந்தைசாமி: கிட்ட வந்தா தூக்கிடுவேன். தூக்கினா... முத்தம் குடுத்துடுவேன். எடுத்துக்கிட்டுப் போக்கா. மனசு எறங்கலன்னே சொல்லிக்க.

அருக்காணி: டேய்... அழுவாதடா. துணிக்குள்ள தலைகாணிதான் இருக்குது. புள்ளை இன்னும் அதே டவுன் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில இருக்குது, நாளைக்குத்தான் அனுப்புறாங்க. பூவிழி உன் பொண்ணுகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. "உங்கப்பா பேத்தியைப் பாத்தா தொடாம இருப்பாரா"ன்னு கேட்டுச்சாம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் தலைகாணியோட வந்தேன். அவ அப்பன் வீட்டுக்கு வர்றதா வேணாமான்னு முழிச்சுக்கிட்டுக் கெடக்குறா... நேரா உன் வீட்டுக்கே வரச் சொல்லிடறேன்.