பவளத்தின் எட்டு லிட்டர்

— இன்னொரு தடவை எதுக்கு டாக்டர் தெர்மாமீட்டரை வைக்கிறீக? அதான் இப்பத்தான் பாத்தீகள்ல?

— நம்ப முடியலை சார், அதான். நூத்தி நாலரை. மாட்டுக்கு நூத்தி ஒண்ணரை, ரெண்டு இருக்கலாம். அதுக்கு மேல போகக் கூடாது. உடையப்பண்ணே, கயித்தை அவுருங்க. மொதல்ல நெழலுக்குக் கொண்டு போகணும்.

— அவுக்காத உடையப்பா. பன்னெண்டு மணிக்கு பெங்களூர் பஸ் வருது, நாப்பது பேரு. வாசல்ல பசுமாடு நிக்கணும், போட்டோவே அதுலதான் ஆரம்பிப்பாக. அது கெடக்கட்டும், உங்களை யாரு டாக்டர் கூப்பிட்டது? இந்த ஓட்டலுக்கு மொதலாளி நான். நான் கூப்பிடலையே?

— நான்தான் மொதலாளி போன் போட்டேன். பவளம் காலையிலேருந்து அசையே போடல. வாயெல்லாம் நுரை தள்ளிக்கிட்டு நிக்கிது. என்னத்தச் சொல்ல, மனசு கேக்கல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?

— அவரை ஏன் சார் வையிறீக? விலாவைப் பாருங்க, எப்படி அடிச்சுக்கிது! நிமிஷத்துக்குத் தொண்ணூறு மூச்சு எண்ணினேன். முப்பது இருந்தாப் போதும். தின்னதுல இருக்கிற சத்தெல்லாம் மூச்சு வாங்குறதுக்கே போயிருது. அப்புறம் எங்குட்டு சதை வைக்கும்?

— கேளுங்க டாக்டர். கானாடுகாத்தான்ல சித்திரை வெயில் இன்னைக்கு நேத்தா அடிக்குது? எங்க அப்பச்சி காலத்துல இதே வாசல்ல மூணு மாடு நின்னுச்சு. ஒண்ணும் செத்துப் போகலை.

— அது நாட்டு மாடு சார். இது ஜெர்சிக் கலப்பு. இதுக்கு வெயில் தாங்காது. நீங்க ஒண்ணு செய்யிங்க. செருப்பைக் கழட்டிட்டு இந்தக் கல்லுல ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க.

— என்ன டாக்டர் பேச்சு இது?

— நில்லுங்கன்னேன். முடியாதுல்ல? அது பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் நிக்கிது. பின்னால வெள்ளையடிச்ச சுவரு, அதுலேருந்தும் வெக்கை அடிக்குது. உள்ள ஒவ்வொரு ரூமுக்கும் ஏ.சி. கொஞ்சமாச்சும் ஈரம் வேணாமா சார் மனசுல?

— ஈரம் இல்லாமலா கழுத்துக்கு வெண்கல மணி வாங்கிப் போட்டேன்? வெள்ளிக்கிழமைன்னா மாலை, மஞ்ச, குங்குமம். வீட்டு மகாலெச்சுமியா வச்சிருக்கேன் டாக்டர். கேட்டுப் பாருங்க இவன்கிட்ட.

— உடையப்பண்ணே, தண்ணித் தொட்டி எங்க?

— பின்கட்டுல இருக்கு, டாக்டரம்மா.

— ஒரு நாளைக்கு எத்தனை தடவை காட்டுறீக?

— காலையில ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா.

— நடுவுல?

— என்னத்தச் சொல்ல...

— சொல்லுங்கண்ணே. மாடு வாயில்லாம நிக்கிது, நீங்களுமா?

— அவன் என்ன சொல்றது, நானே சொல்றேன். நான்தான் வேணாம்னேன். தண்ணியக் குடிச்சுட்டு வாசப்படியில மூத்திரம் பேயுது. வர்றவுக மூக்கைப் பொத்துறாக. ஒரு அம்மா அதையே ரிவ்யூவுல எழுதிருச்சு.

— ஐயோ! ரிவ்யூவுக்குப் பயந்து கத்திரி வெயில்ல தண்ணிய நிறுத்துனீகளா? கறவை மாடு இந்த வெயிலுக்குக் கொடங் கொடமாக் குடிக்கும் சார்! எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... சரி. தீனி என்ன வைக்கிறீக?

— அதுல நீங்க குத்தமே சொல்ல முடியாது. வயிறார. வர்றவுக ஆளுக்கு ஒரு கை சக்கரைப் பொங்கல், ஒரு பழம். தட்டு வச்சுருவோம், அவுகளே ஊட்டுவாக. எங்க வீட்டுல பசுவுக்கு வெல்லஞ்சோறு வைக்காம யாரும் எலையில உக்காந்ததில்லை. அந்தப் பழக்கத்தை நான் விடலை.

— உங்க அப்பச்சி ஒரு கவளம் வச்சாக. நீங்க நாப்பது பேரை வச்சு நாப்பது கவளம் வைக்கிறீக. அதுவும் தெனமும்! அத்தனை சோறும் வெல்லமும் வயித்துல போயிப் புளிச்சிருச்சு. அசை நின்னதுக்கு அதான் காரணம். சாணியை மோந்து பாருங்க, புளிச்ச வாடை. வைக்கோலும் பச்சையும் எப்பண்ணே போடுறீக?

— பசி இருந்தாத்தான பொங்கல் திங்கும்னு, பஸ்சு போனப்புறம் போடச் சொல்லியிருக்காக. அதையும் மோந்துட்டு விட்டுருது.

— கன்னுக்குட்டி எங்க?

— தகரக் கொட்டகையில. அஞ்சு மாசம் ஆச்சு.

— பாத்தேன் வரும்போது. மூணு மாசக் கன்னுன்னு நெனச்சேன்! இந்நேரம் எம்பது கிலோவுக்கு மேல இருக்கணும், அது அம்பது தேறாது. தகரம் காயுது, மூணு பக்கமும் சுவரு, காத்துப் போக வழியில்லை. வளர வேண்டிய உசுரு அங்க வெந்துக்கிட்டு கெடக்குது.

— எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டுப் பேசுறீக டாக்டர்.

— முடிவு என்ன முடிவு? உடையப்பண்ணே, உங்க வீட்டு மாடு இதுக்கு அக்காதான?

— ஆமா. ரெண்டும் ஒரே தாய் வயிறு. எங்க வீட்டுலதான் பொறந்துச்சுக. இதை மட்டும் மொதலாளி கேட்டாகன்னு குடுத்தேன். பின்னாலயே நானும் வேலைக்கு வந்துட்டேன்.

— போன வாரம் அதுக்குச் சினை ஊசி போட வந்தேன் சார். அதே வெயில், அதே சாதி. இவரு சம்சாரம் அன்னக்கிளி வேப்ப மரத்தடியில கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு வச்சிருக்கு. தொட்டியில எப்பவும் தண்ணி. விடியாம ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை தீனி. தவிட்டுல தாது உப்பு. மினுமினுன்னு நிக்கிது. இதைப் பாருங்க, எலும்புக்கு மேல தோலு.

— ஒல்லியா இருந்தா என்ன? கறக்குதுல்ல?

— எத்தனை கறக்குது?

— எட்டு லிட்டர். காலையில நாலு, சாயங்காலம் நாலு. ஒரு நா தவறினதில்லை.

— என்னது?

— எட்டு லிட்டர் டாக்டர். காலைக் காப்பிக்கு இந்தப் பாலுதான். அடுப்புல ஊத்துறப்ப நானே அளந்து ஊத்துறேன்.

— இந்த மாடா? இந்தக் காய்ச்சல்லயா? மடியே துவண்டு கெடக்கு, சார்.

— காலையில கறந்த மடி பின்ன எப்படி இருக்கும்?

— யாரு கறக்குறது?

— வேற யாரு, இவன்தான். கறக்கையில ஆள் நின்னாப் பாலை எறக்காதுன்னு பின்கட்டுல வச்சுக் கறந்து, வாளியோட கொண்டாருவான். மேல நுரை நிக்கும். லெட்சணமா இருக்கும் பாக்க.

— உடையப்பண்ணே, நெசமாவா? எட்டு லிட்டரா?

— மொதலாளிதான் சொல்றாகள்ல, டாக்டரம்மா.

— தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்றீக?

— அவனை எதுக்கு வெரட்டுறீக? இப்ப நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. வெயிலு ஆகாதுன்னீக. பொங்கல் ஆகாதுன்னீக. தண்ணி பத்தாதுன்னீக. அப்ப எட்டு லிட்டரு எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா?

— எனக்குப் புரியலை. இந்த நெலமையில ஒரு மாடு எட்டு லிட்டரு கறக்க முடியாது.

— கறக்குதே! கண்ணால பாக்குறதை நம்புறதா, உங்க புத்தகத்தை நம்புறதா? சீக்காளி மாடு பால் குடுக்குமா? நீங்க சொல்றது நெசம்னா இது எப்பவோ வத்தியிருக்கணும். வத்தியிருந்தா நானே வச்சிருக்க மாட்டேன். போன வருஷம் ஒரு மாடு வத்துச்சு. அந்த வாரமே அடிமாடாச் சந்தைக்கு லாரி ஏத்திட்டேன். ஓட்டலு நடத்துறேன் டாக்டர், கோசாலை இல்ல.

— லாரி ஏத்துனதை இப்படிக் கூச்சமில்லாம வேற சொல்றீகளா?

— கூச்சம் எதுக்கு? ஊரு ஒலகத்துல நடக்காததா? பையை எடுத்துக்கிட்டு கெளம்புங்க. சோடா உப்பு, ஊசின்னு ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. உடையப்பா, அங்குட்டுப் பாரு, பஸ்சு திரும்புது. உள்ள போயி பொங்கல் தட்டை எடுத்துட்டு வா.

— வேணாம் மொதலாளி.

— என்ன வேணாம்?

— இன்னும் ஒரு கை பொங்கல் உள்ள போச்சுன்னா இவ படுத்துருவா. வெயிலும் வேணாம். இவளை வேப்ப மரத்தடிக்கு ஓட்டிட்டுப் போறேன்.

— கயித்துல கைய வைக்காத. நல்லாக் கறக்குற மாட்டை எதுக்குடா சீக்காளின்னு இந்தம்மாவோட சேந்துக்கிட்டு நாடகம் ஆடுற?

— நாடகம் இப்ப ஆடலை மொதலாளி. இருபத்தி மூணு நாளா ஆடுனேன். பவளம் வத்திப் போச்சு. சொன்னா நீங்க லாரிக்குச் சொல்லிருவீகன்னு, எம்புள்ளைகளுக்கு வரக்காப்பியக் குடுத்துட்டு எங்க வீட்டு மாட்டுப் பாலைத்தான் உங்க வாளியில ஊத்தி நீட்டுறேன். இவ நல்லாத்தான் இருக்கான்னு உங்களை நம்ப வச்சு, இந்தக் கல்லுல நிக்க வச்சது நீங்க இல்ல, நானு!