இரண்டாம் முறை காதுகுத்து

சிராங்கூன் சாலையிலிருந்து தஞ்சோங் பகார் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் ஓர் அழைப்பிதழை மூத்தவளிடம் நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை என் சின்னவளுக்குக் காதுகுத்து, அக்கா. அவசியம் வரணும்."

"போன வருஷம்தானே குத்துனீங்க? நான் வந்து சாப்பிட்டேனே."

"அந்தக் காது தூர்ந்துபோச்சு. மறுபடியும் குத்துறோம்."

"எப்படிடி தூர்ந்துச்சு?"

"தோடு அடகுக் கடையில கிடக்கு. அமெரிக்காவுல படிக்கிற என் கொழுந்தன் பிள்ளைக்கு இருதயத்துல ஏதோ கோளாறாம். அது என்னன்னு கண்டுபிடிக்கவே ரத்தம் எடுக்க ஒரு காசு, படம் பிடிக்க ஒரு காசுன்னு கேக்குறாங்க. இன்னும் டெஸ்ட் பாக்கி இருக்கு லா. மொய் வந்தாதான் பணம் அனுப்ப முடியும்."

"நேரா உதவின்னு கேட்டா என்ன?"

"கேட்டோம். அமெரிக்காவுல இருக்கறவனுக்கு நாங்க குடுக்கணுமான்னு சிரிக்கிறாங்க."

"வாங்குன மொய்யைத் திருப்பிச் செய்யணுமே. கொழுந்தனா வந்து செய்வாரு?"

"நாங்கதான். இவரு துறைமுகத்துல மூட்டை தூக்குற வரைக்கும் செஞ்சுக்கிட்டே இருக்கணும்."

"பாவம் லா, அந்தப் பிள்ளை" என்றாள் மூத்தவள். அழைப்பிதழைப் பைக்குள் வைத்தாள். இறங்கும் இடம் வந்ததும் எழுந்து, இளையவளின் தோளைத் தொட்டாள்.

"கண்டிப்பா வர்றேன். தை மாசம் என் மகளுக்குக் கல்யாணம். ஞாபகம் வெச்சுக்க."