ஏழாவது கல்

ஆவரங்குளம் காவல் நிலையத்தில் 14.08.2003 வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, சார்பு ஆய்வாளர் முன்பு, கடலாடி தாலுகா ஆவரங்குளம் கீழத்தெருவில் குடியிருக்கும் காலஞ்சென்ற மலையாண்டியின் மனைவி முருகம்மாள், வயது 51, கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். ஆவரங்குளம் அரசு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக ஆயாவாக வேலை பார்க்கிறேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சார்பு ஆய்வாளர் அதெல்லாம் வேண்டாம் என்றார், பிறகு எழுதிக்கொண்டார்.

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் மிஷின் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சிகளை ராமநாதபுரத்துக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். என் தங்கை பூமயிலின் மகளை ஒன்பதாம் மாதத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே கூட்டிப்போய், போன இடத்தில் மிஷின் ரிப்பேர் என்று சொல்ல, மறுபடியும் நின்றுகொண்டே திரும்பி வந்தவள் நான். ஆகவே போன வருடம் தனியார் ஒருவர் எங்கள் மருத்துவமனைக்குள்ளேயே ஓர் அறையில் ஸ்கேன் மிஷின் வைப்பதாகவும், பகல் ஒரு மணி வரை அரசாங்கச் சீட்டுக்கு இலவசம், அதற்குப் பிறகுதான் காசு கட்டுகிறவர்களுக்கு என்றும் பேச்சு வந்தபோது, வேண்டும் என்று முதலில் கை தூக்கியது நான்தான். மருந்து கொடுக்கும் உம்மு ஹபீபா மட்டும் கூட்டத்தில் எழுந்து, “இது நல்லதுக்கில்லக்கா. காசு கட்டுறவன் ஒரு மணி வரைக்கும் வெளியில நிப்பானா? அரசாங்கமே ஒரு மிஷினு வாங்கித் தரட்டும், விடாமக் கேப்போம்” என்றார். நான், “நீ கேட்டுக்கிட்டே இரு தாயி, அதுக்குள்ள இவளுக பெத்துப் பேரன் எடுத்துருவாளுக” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹபீபா சிரிக்கவில்லை.

அதன் பிறகு மிஷின் வந்தது. நன்றாகத்தான் ஓடியது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காலை ஏழு மணிக்கே கூட்டம் வந்து, நீ முந்தி நான் முந்தி என்று அடித்துக்கொண்டார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நேரம் நிற்பாள்? அதனால் தாழ்வாரத்தில் கல் வரிசை போட்டேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போடுகிற ஊர் எங்களுடையது. குடத்தை வைத்துவிட்டுக் களையெடுக்கப் போனாலும் அடுத்தவர் குடத்தை ஒருவரும் நகர்த்தமாட்டார்கள், நகர்த்தினால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதே மாதிரி சீட்டைத் தரையில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு நிழலில் போய் உட்காரலாம். நான் வரிசைப்படி எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

அதன் பிறகு ஒரு நாள் ஸ்கேன் அறை மேலாளர் தவசி ஒரு சீட்டைக் கொண்டுவந்து, “அக்கா, இது காசு கட்டுன கேஸு, மேல வைங்க. இவுக வந்தாத்தான் மிஷின் இங்கன நிக்கும், இல்லன்னா மொதலாளி தூக்கிட்டுப் போயிருவாரு” என்றான். மிஷின் போய்விடுமே என்ற பயத்தில் வைத்தேன். அதற்காக அவனிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. ஒரு சீட்டு இரண்டானது, பிறகு நான்கு, ஐந்து என்று ஆனது. ஹபீபா மருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.

12.08.2003 செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி சுமாருக்குக் கூத்தையா என்பவர் தன் மனைவி வீரலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்ப்பவர்கள். அவளுக்கு எட்டாவது மாதம். விடிந்ததில் இருந்து லேசாக ரத்தம் படுகிறது என்றாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஸ்கேன் எடுத்த உடனே என்னிடம் வா, ராமநாதபுரம் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கூத்தையா சீட்டை வரிசையில் வைத்தார். அது ஏழாவது கல். வீரலட்சுமிக்கு உட்கார முடியவில்லை. “ஆயாம்மா, அங்கன வாசல் மரத்தடியில செத்த படுத்துக்கிறவா?” என்று கேட்டாள். “போ தாயி. கல்லு இருக்குல்ல, நான் கூப்புடுறேன்” என்றேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் என் சொல்லை நம்பிப் போனார்கள். அந்த மரத்தடியில் இருந்து பார்த்தால் தாழ்வாரம் தெரியாது.

அதன் பிறகு பத்து மணிக்கு ஸ்கேன் அறையைத் திறந்ததும் தவசி ஐந்து சீட்டுக் கொண்டுவந்தான். முதல் ஆறு சீட்டுக்காரர்களும் தாழ்வாரத்திலேயே இருந்தார்கள், கல்லைத் தொட்டால் கத்துவார்கள். ஏழாவதில் இருந்துதான் கல்லுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆகவே அதையும் அதற்குப் பின்னால் இருந்தவற்றையும் கீழே தள்ளி, நடுவில் ஐந்து சீட்டையும் வைத்தேன். அந்தப் பிள்ளைக்கு ரத்தம் படுகிறது என்று தெரிந்துதான் வைத்தேன். பன்னிரண்டாவதாகப் போனாலும் ஒரு மணிக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன்.

காசு கட்டியவர்களுக்கு நின்று நிதானமாக எடுத்தார்கள். பதினொன்றாவது ஆள் உள்ளே இருக்கும்போதே மணி ஒன்று ஆகிவிட்டது. தவசி வெளியே வந்து, அரசாங்கச் சீட்டு முடிந்தது, நாளைக்கு வாருங்கள் என்று கதவைச் சாத்தினான். நான் கதவைத் தட்டி, “ஏலே தவசி, ஒரே ஒரு பிள்ளடா, ரத்தம் படுதுடா” என்றேன். “ரூல்ஸ் அதுதான்க்கா. அஞ்சையும் மேல வச்சது நீங்கதான?” என்றான்.

அதன் பிறகு டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன். அவர் ஒரு பிரசவத்தில் இருந்தார். அவர் கை கழுவி வெளியே வருவதற்குள் கூத்தையா மனைவியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். அவர் வேட்டியெல்லாம் ரத்தம். டாக்டரம்மா ஸ்கேன் எங்கே என்று கேட்கவில்லை. பாட்டில் ஏற்றி, வேனில் அனுப்பினார். ஸ்கேன் இல்லாமலேயே அனுப்ப முடியுமென்றால் காலையிலேயே அனுப்பியிருக்கலாமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் வேனில் ஏறிக்கொண்டேன். உத்தரகோசமங்கை விலக்கு தாண்டும்போது வீரலட்சுமி என் மடியில் இறந்துபோனாள். பிள்ளையும் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குச் சற்று முன்னால், “எங்க கல்லு வந்துருச்சா ஆயாம்மா?” என்று கேட்டாள். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

மறுநாள் 13.08.2003 காலை ஒன்பது மணிக்கு, இறப்புக்கு எழுதி வாங்க வேண்டிய தாளுக்காகக் கூத்தையாவும் வீரலட்சுமியின் தகப்பனார் சின்னச்சாமியும் மருத்துவமனைக்கு வந்தார்கள். சின்னச்சாமி எல்லோர் முன்னிலையிலும், “வரிசையில நிக்கத் துப்பில்லாம மரத்தடியில போயி உக்காந்துருக்கான். எம் மகளக் கொன்னுட்டானே பாவி” என்று மாரில் அடித்துக்கொண்டார். கூத்தையா என்னிடம் வந்து மெதுவாக, “ஆயாம்மா, நாங்க அங்கன போனதுனாலதான் கல்லு பின்னாடி போயிருச்சா? நான் பக்கத்துலயே நின்னுருக்கணுமோ?” என்று கேட்டார். நாலு தெருவுக்குக் கேட்கிற என் பாழாய்ப்போன வாய் அப்போது அடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தவசி இரண்டு சீட்டோடு வந்து, “அக்கா, இத மேல வைங்க” என்றான். நான் வரிசையில் கைக்கு அகப்பட்ட ஒரு கல்லை எடுத்து ஸ்கேன் அறையின் கண்ணாடிக் கதவில் எறிந்தேன். கண்ணாடி நொறுங்கியது. மிஷின் மேல் படவில்லை. மிஷினை உடைத்தேன் என்று ஸ்கேன் அறைக்காரர்கள் புகாரில் எழுதியிருப்பது பச்சைப் பொய். மிஷின் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சில்லு கீறித் தவசியின் முன்கையில் ரத்தம் வந்தது. அவனைத் திட்டிக்கொண்டே நானே பஞ்சு வைத்துக் கட்டினேன். அதன் பிறகு ஹபீபா வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இவ்வளவும் சொன்ன பிறகு சார்பு ஆய்வாளர், “ஏம்மா, கண்ணாடி வெவகாரம் மட்டும் போதும். கல்ல நகட்டுனதெல்லாம் இந்தக் கேஸ்ல வராது. நீயா எதுக்குப் போயி மாட்டிக்கிற?” என்றார். கண்ணாடிக்கு என்ன தண்டனையோ கொடுங்கள் அய்யா, கல்லை நகர்த்தியது இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அதன் பிறகு திறந்து எழுதினார்.

கூத்தையா இப்போது சோறு தண்ணீர் இல்லாமல் மாமனார் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு கிடக்கிறார். அவரையும் சின்னச்சாமியையும் நிலையத்துக்கு வரவழைத்து இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றது விட்டுப்போனாலும் இதை மட்டும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கூத்தையா வரிசையை விட்டுப் போகவில்லை. அவருடைய கல் அவர் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தது நான்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) முருகம்மாள்