கயிறு இல்லாத டின்

"ஹலோ... சொல்லு. ... கடையிலதான். ஆமா, ஆமா, ஆள் இருக்கார்."

ஆள் என்று எண்ணெய் வியாபாரி சொன்னது உணவு ஆய்வாளரை. வியாபாரியின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். போனில் வியாபாரியின் மனைவி. அவள் குரலுக்குப் போனே தேவையில்லை.

"எந்த டின்னு? ... கைப்பிடியில கயிறு கட்டியிருக்குமே, அதுதான். ... வேலைக்காரி கழுவறப்ப அவுத்துட்டாளா? ... மோந்து பாரேன். ... தெரியலியா?"

தெரியாது. மோந்தால் தெரியாதபடி கலப்படம் செய்வதில்தான் அவர் கெட்டிக்காரர். கயிறு கட்டியது வீட்டுக்கு, கட்டாதது ஊருக்கு. கட்டாதது ஒன்று வீட்டுக்குள் வந்ததுதான் வினை.

"அது உன் தம்பிக்குக் குடுத்தனுப்ப வெச்சது. ... அவனுக்கு மட்டும் ஏன் கயிறு இல்லையா? இப்ப அதுவா பேச்சு?"

ஆய்வாளர் தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டும் நம்ம சரக்குதான். ரெண்டும் ஒண்ணுதான். ... கத்தாத. யாருக்குப் பொரிக்கிற? ... பாப்பாவா? எப்ப வந்தா? வயித்துப் புள்ளையோட பஸ்லயா வந்தா?"

மகள் வந்திருக்கிறாள் என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"அவிச்சுக் குடேன். ... பொரிச்சதுதான் வேணுமாமா? அப்போ வெளிய வாங்கிக்க. ... எது, முனையில இருக்கற ஹோட்டலா? அங்க வேணாம். ... நல்ல ஹோட்டல்தான், ஆனா எண்ணெய்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த ஹோட்டலுக்கு எண்ணெய் போடுவதே அவர்தான். ஆய்வாளர் அங்கே விசாரித்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

"ஆமா, நான்தான் சொன்னேன். ஊரே சாப்பிடுது, எவன் செத்தான்னு கேட்டேன். இல்லன்னு சொல்லலியே. ... அது வேற, இது வேற. ... எப்படி வேறன்னா..."

ஆய்வாளரும் அந்த விளக்கத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சட்டி காஞ்சிடுச்சா? ... இரு, இரு. ஒரு டின்னத் தூக்கிட்டியா? ... எதை? ... உனக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

ரெண்டும் ஒண்ணுதான் என்று இன்னொரு தரம் சொன்னால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும். வாய்வரை வந்துவிட்டது.

"ஊத்தாத. ... ரெண்டையும் தொடாத. ... ஆமா, அவர் எதிர்லதான் சொல்றேன். ... என்ன ஆகும், கடைக்குப் பூட்டு விழும். நீ முதல்ல அடுப்ப அணை. ... அணைச்சிட்டியா?"

அணைத்துவிட்டதாக அவள் சொன்னதைக் காதால் கேட்ட பிறகுதான் போனை வைத்தார்.