சிவப்புப் பொட்டு வைத்த விசை

என் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைக் காவல் நிலைய எழுத்தர் அம்மா இந்தத் தாளின் தலைப்பில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். அவை சரியே. நான் மேற்படி முகவரியில், தரைத்தளத்தில், என் கணவருடனும் மாமனாருடனும் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் வீட்டின் முன்னறையில் கணினி வைத்து, கடைப் பெயர்ப்பலகைகளும் விசிட்டிங் கார்டுகளும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததில் பேச்சு போய்விட்டது. எழுத்தைப் பார்த்தாலும் இப்போது அவருக்குக் கூட்டிப் படிக்க வராது. வலது கை எழாது. இடது கையும் காதும் நன்றாக இருக்கின்றன. இந்த நிலையத்தில் திருட்டுச் சந்தேகத்தின்பேரில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பூட்டுக்காரர் என் வாடிக்கையாளர். அவர் திருட வரவில்லை என்று சொல்லவே நானாக வந்திருக்கிறேன்.

ஆய்வாளர் கேட்டதால் என் கீபோர்டைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலையில் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் பத்து இருபது அழுத்தல்களைச் சேர்த்து ஒரே விசையில் கட்டி வைத்துக்கொள்வேன். இதற்கு மேக்ரோ என்று பெயர். மேக்ரோக்களும் ஷார்ட்கட்டுகளும் சேர்த்து என்னிடம் முந்நூறுக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எழுதி ஒட்டிப் பார்த்தேன், ஒட்டிய தாளை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதன் பிறகு கீபோர்டை ஒரு வீடாகப் பிரித்துக்கொண்டேன். இடது பக்கம் சமையலறை. வெட்டுவது, ஒட்டுவது, நிறம் கலப்பது எல்லாம் அங்கே. நடுவில் கூடம், எழுத்துருக்கள் அங்கே உட்கார்ந்திருக்கும். வலது பக்கம் பரண், பழைய வேலைகளை அங்கிருந்து இறக்குவேன். மேல் வரிசை வாசல். அச்சுக்குப் போவது, மின்னஞ்சலில் போவது, வாடிக்கையாளருக்குப் போவது என்று வெளியே போகிற எதுவும் அந்த வழியாகத்தான் போகும். கன்ட்ரோல் விசை மாமியார், அவர் கைவைக்காமல் ஒரு காரியமும் நடக்காது. ஆல்ட் விசை நாத்தனார், எப்போதாவது வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டுப் போவார். எழுத்தர் அம்மா சிரித்ததால் இந்த இடத்தில் நிறுத்தினேன். ஆய்வாளர் அதையும் எழுதச் சொன்னார்.

மாமனார் பகலெல்லாம் என் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். நான் வேலை செய்யும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விசையைத் தேடுவேன். "சமையலறை, ரெண்டாவது அடுப்பு" என்று நான் முணுமுணுப்பதற்குள் அவர் இடது கையை நீட்டிக் காட்டிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே காட்டுவார். தப்பாகக் காட்டினால் நான் "மாமா, அது பரண்" என்பேன். தலையில் அடித்துக்கொள்வார்.

வாசல் வரிசையின் கடைசி விசையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால், எந்த வாடிக்கையாளரின் செய்திப் பெட்டி திறந்திருக்கிறதோ அவருக்கு "உங்கள் வேலை தயார். உடனே நேரில் வரவும்" என்று போய்விடும். தெரியாமல் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் பொட்டு.

இன்று மதியத்துக்கு முன்னால் பூட்டுக்காரரின் கடைப் பலகையை முடித்து, அந்த விசையை அழுத்திச் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் வருவதாகப் பதில் போட்டார். அதன் பிறகு அச்சகத்திலிருந்து கூப்பிட்டு, வேறொரு வேலையில் நீலம் ஊதாவாக விழுகிறது என்றார்கள். கணினியில் பெரிய பலகை ஒன்றின் வடிவம் சேமிப்பாகிக்கொண்டிருந்தது, ஆகவே அதை அணைக்கவில்லை, திரையையும் பூட்டவில்லை. பூட்டுக்காரரின் செய்திப் பெட்டி திரையில் அப்படியே திறந்திருந்தது. மாமனாருக்குப் பக்கத்தில் தண்ணீரும் ரேடியோவும் வைத்துவிட்டு, "பிரஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன் மாமா, எழுந்திரிக்காதீங்க" என்றேன். தலையாட்டினார். யாராவது கதவைத் தட்டினால் அவர் எழப் பார்ப்பார் என்று வெளியே பூட்டிக்கொண்டு போனேன். அச்சகத்தில் இயந்திரச் சத்தம். என் போன் பையில் கிடந்தது, யார் கூப்பிட்டதும் எனக்குக் கேட்கவில்லை.

இனிச் சொல்வது நான் நேரில் பார்த்ததல்ல. மாமனார் சைகையில் காட்டியும் பூட்டுக்காரர் சொல்லியும் தெரிந்துகொண்டது. நான் போன பின் காற்றோடு மழை பிடித்தது. ஜன்னல் வழியாகச் சாரல் என் கணினிமேல் அடித்தது. மாமனார் ஜன்னலைச் சாத்த எழுந்தார். ஈரத்தில் கால் வழுக்கி, மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் விழுந்தார். எழ முடியவில்லை. கத்த அவரிடம் குரல் இல்லை. கீபோர்டின் ஒயர் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்ததில் கீபோர்டு அவர் நெஞ்சுமேல் விழுந்தது. அதன் பிறகு அவர் சிவப்புப் பொட்டு வைத்த விசையை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

பூட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் ஒரு ஷட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் என்னிடம் சொன்னது: "முதல்ல ஒரு மெசேஜ். சாயங்காலம்னு சொன்னோமே, மறந்துட்டாங்க போலன்னு விட்டேன். அப்புறம் வந்துகிட்டே இருக்கு. என்ன இந்தப் பொண்ணுக்குக் கிறுக்கா, நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடணும்னுதான் கிளம்பினேன்." கருவிப் பையோடு மழையில் வந்தார். கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்து இன்னும் கோபம் ஏறித் திரும்பி வாசற்படி இறங்கினார். இறங்கும்போது அவர் போன் மறுபடியும் அடித்தது. உடனே நேரில் வரவும் என்றிருந்தது. வெளியே பூட்டியிருக்கிறது, உள்ளேயிருந்து செய்தி வருகிறதே என்று நின்றார். கதவில் காதை வைத்துத் தட்டினார். உள்ளே எதையோ தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு தட்டினால் உள்ளேயும் இரண்டு. அதன் பிறகு அவர் யோசிக்கவில்லை, பையைத் திறந்து கம்பியால் பூட்டைத் திறந்தார்.

மாடியிலிருந்து இதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அவர்மேல் குறையில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காவலர்கள் வந்தபோது பூட்டுக்காரர் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சட்டையால் போர்த்தி, ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ள இருந்துதான் சார் வரச்சொன்னாங்க" என்று போனைக் காட்டினாராம். பேச முடியாத ஒரு பெரியவரைத் தவிர வீட்டில் யாரும் இல்லை, போனில் ஒரே வரி மேலிருந்து கீழ்வரை இருந்தது. காவலர்கள் நம்பாததில் வியப்பில்லை. மாமனாரை ஆம்புலன்ஸிலும் பூட்டுக்காரரை ஜீப்பிலும் ஏற்றினார்கள்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருடன் புகுந்துட்டான்மா, பெரியவரை என்னமோ பண்ணிட்டான்" என்றார். அதன் பிறகு மருத்துவமனைக்கு எப்படிப் போனேன் என்பது எனக்கு நினைவில்லை. குடையை ஆட்டோவில் விட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மா போன் செய்து சொன்னதால் கணவர் முன்பே அங்கே இருந்தார். இடுப்பெலும்பில் மெல்லிய விரிசல்தான், அறுவை வேண்டாம், படுக்கையில் இருந்தால் கூடிவிடும், இன்னும் கொஞ்ச நேரம் ஈரத்தில் கிடந்திருந்தால்தான் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார்.

"யார் மாமா வந்தது? உங்களை அடிச்சாங்களா?" என்று கேட்டேன். வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு இடது கை விரலால் போர்வையில் ஒரு இடத்தை அழுத்திக் காட்டினார். அந்த விரலாலும் பக்கத்து விரலாலும் போர்வைமேல் ஒரு ஆள் நடந்து வருவதுபோல் நடத்திக் காட்டினார். மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் நடத்தினார். எனக்கு விளங்கிவிட்டது.

"அப்பா என்ன சொல்றார்?" என்று கணவர் கேட்டார்.

"சிவப்புப் பொட்டை அமுக்கினாராம். நான் அதை அமுக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரத்துல யாராவது வீட்டுக்கு வந்துடறாங்க இல்ல? அதைத்தான் பார்த்து வெச்சிருக்கார்."

யாருக்குப் போகிறது, என்ன எழுதிப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அழுத்தினால் ஆள் வரும் என்பது தெரியும். என் கணவர் அப்படியே வார்டின் தரையில் உட்கார்ந்து சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். நர்ஸ் வந்து அதட்டினார்.

அதன் பிறகு பிடிபட்டவர் யார் என்று விசாரித்து இங்கே ஓடிவந்தேன். பூட்டுக்காரர் பெஞ்சில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "தங்கச்சி, பெரியவர் எப்படி இருக்கார்?" என்றார். நன்றாக இருக்கிறார், பயமில்லை என்றேன். "அப்ப சரி. பூட்டுக்கு ஒண்ணும் ஆகலை, அதே சாவி போடலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் வீட்டில் ஒரு பொருளும் காணாமற்போகவில்லை. அவர்மேல் எங்களுக்குப் புகாரில்லை, இனியும் கொடுக்க மாட்டோம். அவரை விடுவித்து, கருவிப் பையையும் போனையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருடைய சட்டை மாமனாரிடம் இருக்கிறது. மருத்துவமனையில் யார் கேட்டும் அவர் அதைக் கொடுக்கவில்லை, வந்தவரை அழைத்து வா என்று என்னிடம் கைகாட்டினார். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நான் சொன்னதை எழுத்தர் அம்மா எழுதி, முழுவதும் வாசித்துக் காட்டினார். கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. நான் அறிந்தவரை இவையெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்