செல்லாத ஆறுதல்

மழையில் வெலிங்டனிலிருந்து குன்னூர் வரை நடந்தே வந்தேன், மேடம். போலீஸ் ஸ்டேஷன் தரையெல்லாம் சேறாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். கேட்டதை வரிசையாகவே சொல்கிறேன். பெயர் பரமசிவன். ராணுவ ஸ்டோரில் இருபது வருடமாகக் குமாஸ்தா. எதையும் விதிப்படி செய்துதான் பழக்கம்.

எங்கள் இரண்டாவது குழந்தை மூன்றாம் மாதத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனது. யார் மேலும் குற்றமில்லை என்றார் டாக்டர். என் மனைவி சரிதா அதன்பின் சரியாகச் சாப்பிடவில்லை. குன்னூரில் ஹாஜிரா என்ற மனநல ஆலோசகரிடம் வியாழன்தோறும் நாலு மணிக்குப் போய்வந்தாள். பதினோரு மாதத்தில் தெளிந்தாள். தெளிந்ததும் செய்த முதல் காரியம், மஞ்சூரில் தனியாக அறை எடுத்தது.

"உங்க ஊட்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள். அவ்வளவு மரியாதையாக. மகள் ஷண்முகப்ரியாவை நான் அனுப்பவில்லை.

என் வீட்டுக் கதையை இன்னொருத்தி அறையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தானே அந்தத் தைரியம் வந்தது. அதை நான் மறக்கவில்லை.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. ஆலோசகர்கள் எல்லோரும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண் இல்லாமல் யாருக்கும் ஆலோசனை தரக்கூடாது. ஹாஜிரா அஞ்சல் வழியில் படித்தவர். அவர் விண்ணப்பம் நிலுவையில் கிடந்தது. ஆனாலும் சரிதா போய்க்கொண்டுதான் இருந்தாள். மகளிடம் போனில் அவளே சொன்னாள்: "ஹாஜிரா அக்கா பீஸே வாங்கறதில்ல கண்ணு. நம்பர் வந்தாத்தான் வாங்குவாங்களாம்."

நாலு பக்கம் புகார் எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. விசாரணைக் குழு ஹாஜிராவின் அறையை மூடச் சொன்னது, குறிப்பேடுகளை வாங்கிக்கொண்டது. புகார்தாரர் என்பதால் சரிதாவைப் பற்றிய பக்கங்களின் நகல் எனக்கும் வந்தது. கொடுத்திருக்கக் கூடாது. யாரோ கவனிக்கவில்லை.

விசாரணை முடிந்து படியிறங்கும்போது ஹாஜிரா பின்னாலேயே வந்தார். "சார், கோவத்தை எம்மேல காட்டுங்க, பரவால்ல. ஆனா வியாழக்கிழமை மட்டும் அவங்களத் தனியா விட்றாதீங்க. யாராச்சும் பேசிட்டே இருக்கணும்."

நியாயமான பேச்சு. அந்த நேரத்தை நான் காலியாக விடவில்லை.

அடுத்த வியாழன் நாலு மணிக்கு நானே அழைத்தேன். மகளிடம் பேசவேண்டுமானால் முதலில் என்னிடம் பேசவேண்டும் என்று ஏற்பாடு. பத்தே நிமிடம். கத்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அவள் போனில் பதிவாகியிருக்கும், கேட்டுப் பாருங்கள். குறிப்பேட்டில் ஒரு வரிக்குக் கீழே ஹாஜிரா இரண்டு கோடு போட்டிருந்தார்: '“நான் விழித்திருந்தால்?” என்ற கேள்வியோடு இவரைத் தனியே விடக்கூடாது.' அதைத்தான் கேட்டேன்.

"சரிதா, அன்னிக்கு நீ மட்டும் முழிச்சிருந்தா புள்ள இப்ப நடந்துட்டிருக்குமில்ல?"

"அப்படிக் கேக்காதீங்க. அது என் தப்பில்லைன்னு ஹாஜிரா அக்கா சொன்னாங்க."

"அவங்களுக்குத்தான் நம்பரே இல்லையே. அவங்க சொன்னது எதுவும் செல்லாது, சரிதா."

பிறகு மகளிடம் போனைக் கொடுத்தேன்.

வாராவாரம் அதே கேள்வி. பதில் வரும்வரை காத்திருப்பேன். நாலாவது வாரம் "ஆமாங்க" என்றாள். ஒன்பதாவது வாரம் நான் கேட்கும் முன்னாலேயே சொன்னாள். மறுநாள் காலை மஞ்சூர் பக்கத்து அணையில் மின்வாரிய ஆட்கள் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

இப்படி ஆகுமென்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் அதுவும் எழுதியிருந்தது. படித்து, தெரிந்து, அதற்காகவே பேசினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அவளுக்கு என்னைப் பிடிக்காது என்று ஹாஜிரா சொல்லியிருப்பார். ஒன்பது வாரமும் முதல் மணியிலேயே போனை எடுத்தாள். வெறுக்கிறவள் அப்படி எடுப்பாளா?